0.3 மி.மீ. பித்தளைத் தகட்டில் சால்டரிங்: ஐ.சி.எஃப். பெட்டியின் பக்கச்சுவர் நெளிகிறது

பெட்டிமேடை (கேள்வி):

வணக்கம். பழைய ஐ.சி.எஃப். (சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) இரண்டாம் வகுப்பு ரயில் பெட்டியை 1:87 அளவில் பித்தளையில் கட்டும் வேலை. அசல் பெட்டியின் உடல் நீளம் 21,337 மி.மீ., அகலம் 3,245 மி.மீ. மாடலில் அது 245.25-க்கு 37.3 மி.மீ. ஆகிறது. பக்கச்சுவர் 0.3 மி.மீ. அரைக்கடினப் பித்தளை, ஜன்னல் ஓட்டைகள் வெட்டியாகிவிட்டன. கீழ் ஓரத்தில் உள்பக்கமாக 3-க்கு 3 மி.மீ. பித்தளை எல் ஆங்கிள் (தடிமன் 0.5), மேல் ஓரத்தில் 1.5 மி.மீ. சதுரக் கம்பி. இரண்டையும் சால்டர் செய்து பிடிக்க வைக்க வேண்டும்.

கையில் இருப்பவை: 25 வாட் பென்சில் அயர்ன், கூர்முனை பிட், 60/40 ரோசின் கோர் சால்டர் கம்பி (வெள்ளீயம் 60, காரீயம் 40, நடுவில் ரோசின்; 0.8 மி.மீ.), ரோசின் பேஸ்ட்.

சிக்கல்கள்:

1. ஆங்கிளைப் பிடித்து ஆறவிட்டதும் சுவர் வில் மாதிரி வளைகிறது. ஜன்னல்களுக்கு நடுவே உள்ள தகடு அலை அலையாக நெளிகிறது.

2. சால்டர் இடுக்குக்குள் ஓடாமல் முத்து முத்தாக மேலேயே நிற்கிறது. மேலும் கொடுத்தால் கட்டி தட்டுகிறது.

3. ஜன்னல் கம்பிகளைப் பிடிக்கப் போனால், முதலில் பிடித்த ஆங்கிள் கழன்று வருகிறது.

சூட்டைக் குறைக்க வேண்டுமா? அல்லது இவ்வளவு மெல்லிய தகட்டுக்கு எபாக்சிதான் சரியா?

---

ஈயக்கோல்:

எபாக்சி வேண்டாம். சூட்டையும் குறைக்காதீங்க, கூட்டுங்க. முதல் இரண்டு சிக்கலுக்கும் வேர் அந்த 25 வாட் அயர்ன்தான்.

தகடு மெல்லிசு, அதனால சின்ன அயர்ன் போதும்னு எல்லாருக்கும் தோணும். எலக்ட்ரானிக்ஸ் போர்டில் நீங்க சூடாக்குறது ஒரு காலையும் ஒரு சின்ன செம்புப் பொட்டையும்தான். இங்கே முழுத் தகடும் அதைவிடக் கனமான ஆங்கிளும் சேர்ந்து சூட்டை இழுக்குது. கூர்முனை பட்ட உடனே அதன் சூடு இறங்கிடும். சால்டர் உருகட்டும்னு பத்து பதினைந்து விநாடி அழுத்திப் பிடிப்பீங்க. அந்த நேரத்துக்குள் சூடு பக்கத்து ஜன்னல் வரைக்கும் பரவிடும். இடுக்கு இன்னும் சால்டர் உருக ஆரம்பிக்கிற 183 டிகிரியைத் தொட்டிருக்காது, ஆனா சுத்தி இருக்கிற தகடு தேவையில்லாம விரிஞ்சு நிக்கும். நெளிவு அங்கேதான் ஆரம்பிக்குது.

குறைந்தது 60 வாட், முடிந்தால் 80 அல்லது 100. பிட் உளி முனையா, 5 மி.மீ. அகலமா, குட்டையா இருக்கணும். சூட்டுக் கட்டுப்பாடு உள்ள ஸ்டேஷன்னா 60/40-க்கு 360 டிகிரி வைங்க. 400-க்கு மேலே போனா ரோசின் கருகும். கருகின ரோசின் ஃபிளக்ஸ் வேலை (ஆக்சைடை நீக்கி சால்டரை ஓட விடுறது) செய்யாது, அழுக்கு வேலைதான் செய்யும். தட்டையான முகம் முழுசும் ஆங்கிளில் படணும், நுனியால் குத்தக் கூடாது. எல்லாம் சரியா இருந்தா இரண்டு மூணு விநாடியில் சால்டர் மினுங்கி ஓடிடும். ஓடலைன்னா அயர்னை எடுத்துடுங்க. பிடிச்சுட்டே இருக்கிறதால எதுவும் சரியாகாது: தகடு அழுக்கு, இல்லேன்னா ஃபிளக்ஸ் தீர்ந்துபோச்சு, இல்லேன்னா இடுக்கு பெரிசு. இந்த மூணில் ஒண்ணுதான்.

முத்து முத்தா நிக்கிறதுக்கு வருவோம். பளபளன்னு தெரியுற பித்தளையிலும் ஆக்சைடு படலம் இருக்கும், கை எண்ணெய் இருக்கும். இணையப் போகிற இரண்டு முகத்தையும் 400 நம்பர் உப்புத்தாளை நனைச்சுத் தேயுங்க, அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு எடுங்க. அதுக்கப்புறம் அந்த முகத்தை விரலால் தொடாதீங்க. தேய்ச்ச அன்னிக்கே வேலையை முடிங்க, அடுத்த வாரத்துக்கு வைக்காதீங்க.

ரோசின் புதுசா தேய்ச்ச பித்தளையில் வேலை செய்யும், ஆனா மெதுவா. தகட்டு வேலைக்கு பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸ்தான் என் தேர்வு. 85 சதவீத அமிலம் 10 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 100 மி.லி. கலந்தா எடைக் கணக்கில் சுமார் 12 சதவீதம் வரும். நீரில்தான் அமிலத்தை ஊத்தணும், அமிலத்தில் நீரை ஊத்தக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். பாத்திரம் கழுவுற திரவம் ஒரு சொட்டு விட்டா தகட்டில் திரண்டு நிக்காம பரவும். பழைய பிரஷ்ஷால் மெல்லிசா தடவுங்க. அயர்ன் பட்டதும் 'ஸ்ஸ்'னு கொதிச்சு அடங்கும், சால்டர் பின்னாடியே ஓடும். அந்த ஆவியை மூக்குக்கு நேரா வாங்காதீங்க, ஜன்னல் பக்கம் உட்காருங்க. இதுக்குன்னு ஒரு பிட்டைத் தனியா வைங்க. அமில ஃபிளக்ஸ் பிட்டின் இரும்புப் பூச்சை அரிக்கும், அப்புறம் போர்டு வேலைக்கு ஆகாது.

எவ்வளவு சால்டர்? கணக்குப் போட்டே பார்க்கலாம். 245 மி.மீ. நீளம், ஆங்கிளின் 3 மி.மீ. அகலம், நடுவில் 0.05 மி.மீ. படலம்: சுமார் 37 கன மி.மீ. உங்க 0.8 கம்பியில் அது 73 மி.மீ. நீளம்தான். கோரில் இருக்கிற ரோசினுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கிட்டாலும் 90-ஐத் தாண்டாது. ஒரு முழு இணைப்புக்கும் அவ்வளவுதான் வேணும். கம்பியைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, 2 மி.மீ. துணுக்குகளா வெட்டி, ஃபிளக்ஸ் தடவின இடுக்கு ஓரமா 5 மி.மீ.க்கு ஒண்ணு வைங்க. 245-க்கு ஏறக்குறைய 50 துணுக்கு, அதாவது 100 மி.மீ. கம்பி. ஓரத்தில் மெல்லிசா ஒரு கோடு தெரியுற அளவு மட்டும் மிஞ்சும். அயர்னில் சால்டரை ஏத்திக்கிட்டு வந்து பூசுறதைவிட இது சுத்தம்.

பிடிக்கிற வரிசை: முதலில் நடுவில் ஒரு புள்ளி. அப்புறம் நடுவிலிருந்து இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணுன்னு மாத்தி மாத்தி வெளியே போங்க. இரண்டு முனையும் கடைசியில். முனைகளை முதலில் பிடிச்சுட்டா, நடுவில் விரியுற தகட்டுக்குப் போக வழி இல்லை, உப்பிடும். புள்ளிகள் 20 மி.மீ.க்கு ஒண்ணு. எல்லாம் ஆறினதும் நேர்சட்டத்தை ஓரமா வச்சுப் பாருங்க. நேரா இருந்தா மட்டும் இடையில் உள்ளதை நிரப்புங்க, ஒரே மூச்சில் இழுக்காம இங்கொண்ணு அங்கொண்ணா.

---

தகரவேலை:

ஈயக்கோல் சார் சொன்ன அயர்ன், ஃபிளக்ஸ், அளவு எல்லாவற்றுக்கும் உடன்பாடு. கடைசிப் பத்தியில் மட்டும் மாறுபடுகிறேன். ஜன்னல் நிறைந்த 0.3 தகட்டில் துண்டு துண்டாக நிரப்பினால் ஒவ்வொரு துண்டும் தன் பங்குக்கு ஒரு இழுப்பை விட்டுச் செல்லும். புள்ளி வைப்பதற்கு அந்த வரிசை சரி. நிரப்புவதற்கு வேறு வழி இருக்கிறது.

நெளிவு எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால் வழி தானே தெரியும். பித்தளை ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 0.02 மி.மீ. விரியும். அறைச் சூட்டிலிருந்து 160 டிகிரி ஏறினால் 245 மி.மீ. நீளம் ஏறக்குறைய 0.8 மி.மீ. கூடும். கீழ் ஓரம் மட்டும் அப்படி நீள முயல்கிறது, மேலே உள்ள தகடு குளிர்ந்து கிடந்து அதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்ட ஓரம் நெருக்குண்டு நிரந்தரமாகக் குறுகிவிடுகிறது. ஆறும்போது மற்ற இடத்தைவிடக் கீழ் ஓரம் குட்டையாக இருக்கும். சுவர் சால்டர் செய்த பக்கம் உள்வாங்கி வில்லாகிறது. ஜன்னலுக்கு நடுவே உள்ள மெல்லிய தூண்கள் அந்த இழுப்பைத் தாங்காமல் நெளிகின்றன.

ஆகவே, சால்டர் உறையும் நொடியில் ஆங்கிளும் தகடும் முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருந்தால் நெளிய எந்தக் காரணமும் இல்லை. இரண்டும் ஒன்றாகச் சுருங்கும்.

இதற்கு எளிய கருவி, தட்டையான பழைய இரும்புத் தோசைக்கல். குழிந்த கல் ஆகாது. 28 செ.மீ. கல்லில் உங்கள் சுவர் முழுதாக உட்காரும். முறை இது:

ஆங்கிளின் ஒரு முகத்திலும் தகட்டின் கீழ் ஓரத்தில் 3 மி.மீ. அகலத்துக்கும் தனித்தனியே மெல்லிய சால்டர் பூச்சு கொடுங்கள். பூச்சில் மேடு தெரிந்தால் அயர்னால் இழுத்து, துணியில் துடைத்து விடுங்கள். சால்டர் போகக் கூடாத இடங்களில் 4பி பென்சிலால் அழுத்தி ஒரு கோடு கிழியுங்கள். கிராஃபைட்டைத் தாண்டி சால்டர் ஓடாது. இரண்டுக்கும் ஃபிளக்ஸ் தடவிச் சேர்த்து, 30 மி.மீ.க்கு ஒன்றாக அலுமினிய கிளிப் போடுங்கள். அலுமினியத்தில் சால்டர் ஒட்டாது. கல்லின் மேல் 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றை வைத்து அதன் மேல் சுவரைப் படுக்க வையுங்கள். அடுப்பின் சூடு ஒரே இடத்தில் குவியாமல் அது பரப்பித் தரும். சிறு தீ. ஓரத்தில் ஒரு துணுக்கு சால்டரை ஃபிளக்ஸோடு தனியே வையுங்கள். அது உருகி வழிந்ததும் அடுத்த அரை நிமிடத்தில் இணைப்பு ஓரம் முழுக்கப் பளிச்சென்று ஒரு வெள்ளிக் கோடு ஓடும். அடுப்பை அணைத்துவிட்டு, கல்லோடு தானே ஆறட்டும். அவசரப்பட்டு எடுத்தால் உறையாத சால்டர் அசைந்து சொரசொரப்பாகிவிடும், வலுவும் போகும்.

அகச்சிவப்பு வெப்பமானியை இதற்கு நம்ப வேண்டாம். பளபளக்கும் பித்தளையில் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். சால்டர் துணுக்குதான் சரியான அளவுகோல். அந்தக் கல்லில் காரீயமும் அமிலமும் பட்டுவிட்டன. அதன் பிறகு அது தோசைக்குத் திரும்பக் கூடாது. வேலையும் சமையலறைக்கு வெளியே நடக்கட்டும்.

இன்னொன்று. ஆங்கிளுக்குப் பதில் இரும்புப் பட்டை வைத்தால் வலுவாக இருக்கும் என்று சிலர் செய்வார்கள். இரும்பின் விரிவு 0.012 பக்கம், பித்தளையோடு அது 245 மி.மீ.க்கு 0.3 மி.மீ. மாறுபடும். எவ்வளவு கவனமாகச் சூடாக்கினாலும் ஆறும்போது வளையும். நீண்ட இணைப்பில் பித்தளைக்குப் பித்தளைதான்.

ஏற்கெனவே வளைந்துபோன சுவரைத் தூக்கி எறிய வேண்டாம். கிளிப் போட்டு அலுமினியத் தகட்டோடு தட்டையாக அழுத்தி, இதே கல்லில் சால்டர் உருகும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இணைப்பு அவிழ்ந்து மறுபடி சேரும்போது வில் பெரும்பாலும் போய்விடும். தகடே நிரந்தரமாக நெளிந்த இடம் மட்டும் மிஞ்சும். அதைக் கட்டையில் வைத்து விரல் அழுத்தத்தில் எடுக்கலாம். சுத்தியல் பட்டால் தகடு நீளும், பிறகு அது திருந்தாது.

---

பெட்டிமேடை:

இருவருக்கும் நன்றி. கல் முறையில் ஆங்கிள், மேல் கம்பி இரண்டையும் ஒரே சூட்டில் முடித்துவிடலாம் போலிருக்கிறது. மூன்றாவது சிக்கல்தான் மிச்சம்: ஜன்னல் கம்பிகள். 0.3 மி.மீ. கம்பி, உள்பக்கத்தில் கிடைமட்டமாக. 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் சால்டர் பேஸ்ட் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கிறது. ஆங்கிள் 60/40-ல், ஜன்னல் கம்பி அந்தப் பேஸ்டில் என்று போகலாமா?

---

மீட்டர்கேஜ்:

போகக் கூடாது. அந்த இரண்டும் சேரக் கூடாத ஜோடி.

138 டிகிரி பேஸ்ட் என்பது வெள்ளீயம் 42, பிஸ்மத் 58. 60/40-ல் காரீயம் இருக்கிறது. இரண்டும் உருகிக் கலக்கும் இடத்தில் வெள்ளீயம், காரீயம், பிஸ்மத் மூன்றும் சேர்ந்து 96 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை பிறக்கும். கீழ் வரிசைக் கம்பியின் பேஸ்ட் ஓடி ஆங்கிளைத் தொட்டால் போதும். அந்த இணைப்பு பிறகு கொதிநீரில்கூடத் தளரும், சாதாரணமாகவே நொறுங்கும் தன்மையும் வரும்.

படிப்படியாக இறங்கும் முறைக்குச் சரியான ஜோடி: ஆங்கிளும் மேல் கம்பியும் காரீயம் இல்லாத சால்டரில் (வெள்ளீயம் 99.3, செம்பு 0.7, உருகுநிலை 227). ஜன்னல் கம்பி 138 பேஸ்டில். நடுவே 89 டிகிரி இடைவெளி, தாராளம். காரீயம் எங்கும் வராது. அயர்ன் 380 டிகிரி வைக்க வேண்டியிருக்கும். 227 சால்டர் 60/40 மாதிரி வழவழவென்று ஓடாது, ஆறினாலும் மங்கலாகத்தான் தெரியும். மங்கலைப் பார்த்துக் குளிர் இணைப்பு (சரியாக உருகிப் பிடிக்காத இணைப்பு) என்று நினைத்து மறுபடி சூடாக்க வேண்டாம். முன்பு 60/40 பட்ட பிட்டை நன்றாகத் துடைத்து, புது சால்டரை இரண்டு மூன்று முறை ஏற்றி வழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய சுவரில் ஏற்கெனவே 60/40 இருக்கிறது. அதை முழுக்க வழித்தெடுப்பது நடக்காத காரியம். அந்தச் சுவருக்கு ஜன்னல் கம்பியையும் 60/40-லேயே வைத்து, ஆங்கிளை ஈரப் பஞ்சால் பாதுகாத்துக்கொள்ளுங்கள். பஞ்சு வேலை நடக்கும் இடத்திலிருந்து 10 மி.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். ஒட்டி வைத்தால் நீங்கள் கொடுக்கும் சூட்டை அதுவே குடித்துவிடும்.

ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பிடிக்க முயன்றால் இடைவெளி ஒருபோதும் சீராக வராது. இரண்டு போல்ட்டுகளைத் தலைவாரும் சீப்பு மாதிரிப் பயன்படுத்துங்கள். எம்10 போல்ட்டின் மரை இடைவெளி 1.5 மி.மீ.; 87-ஆல் பெருக்கினால் 130 மி.மீ. எம்12-ன் இடைவெளி 1.75; அசலில் 152 மி.மீ. நீங்கள் கட்டும் பெட்டியின் படத்திலிருந்து எது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மரச் சட்டம் ஒன்றில் இரண்டு போல்ட்டையும் ஜன்னல் அகலத்தைவிட 30 மி.மீ. கூடுதல் தூரத்தில் இணையாகப் பதித்து, 0.3 மி.மீ. பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை மரையில் விழும்படி இறுக்கிச் சுற்றுங்கள். மென்பித்தளைக் கம்பியைவிட இது விறைப்பாக நிற்கும், சூட்டில் தொய்யாது. ஒரு பக்கத்துச் சுற்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபக்கத்தை வெட்டி விடலாம், முன்பாக முனைகளை போல்ட்டோடு ஒட்டுநாடாவால் பிடித்துவிட வேண்டும். அந்த வரிசையைச் சுவரின் உள்பக்கத்தில் வைத்து, ஜன்னலின் இருபுறமும் தூணில் கம்பி படும் இடத்தில் ஊசி முனையளவு பேஸ்ட். அயர்ன் 220 டிகிரி, கம்பியைத் தொட வேண்டாம், தூணை ஒரு விநாடி தொட்டால் போதும். பேஸ்ட் சாம்பல் நிறத்திலிருந்து பளிச்சென்று மாறும் நொடியில் எடுத்துவிடுங்கள். எல்லா ஜன்னலும் முடிந்த பிறகே மிச்சக் கம்பியைத் தூணோடு ஒட்டி வெட்டுங்கள்.

பேஸ்டைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரட்டும். இல்லையென்றால் ஈரம் படிந்து, சூடுபட்டதும் தெறிக்கும், முத்து முத்தாகச் சிதறும். நாள்பட்டு வறண்ட பேஸ்டும் அப்படித்தான்.

போகிக்கு (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) வெள்ளை உலோக வார்ப்பு (குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவை) வைப்பதாக இருந்தால் அது வேறு கதை. அதற்கு 70 டிகிரி சால்டர், அதுவும் பித்தளைப் பக்கத்தில் முதலில் 60/40 பூச்சு கொடுத்த பிறகு. நேரடியாகப் பித்தளையில் அது பிடிக்காது. அந்த வகைகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும். பொதியைப் படித்துப் பார்த்து வாங்குங்கள், இருந்தால் அதிகச் சூடு கொடுத்துப் புகைய விடாதீர்கள். போகிச் சட்டம் சுவரோடு சேராத தனிப் பாகம் என்பதால் இங்கே கலப்படப் பயம் இல்லை.

---

ஈயக்கோல்:

தோசைக்கல் விஷயத்தில் தகரவேலை சொல்றது சரி, நீள இணைப்புக்கு அதுதான் மேல். ஒண்ணு சேர்த்துக்கிறேன். இப்போ 227 சால்டருக்குப் போறதால கல்லில் 240-ஐத் தாண்டணும், அந்தச் சூட்டுக்கு ரோசின் பேஸ்ட் தாக்குப்பிடிக்காம பழுப்பாகிடும். பாஸ்பாரிக் ஃபிளக்ஸும் நீண்ட நேரம் கல்லில் கிடந்தா நீர் வத்திப் பாகு மாதிரி ஆகும். அதனால முதலில் கல்லைச் சூடாக்கிக்கிட்டு, அப்புறம் சுவரை வைங்க. வச்சதிலிருந்து உருகுற வரைக்கும் இரண்டு மூணு நிமிஷத்தில் முடியணும்.

அப்புறம், 3 மி.மீ. அகல ஒட்டு இணைப்பில் நடுவில் ஃபிளக்ஸ் ஆவி மாட்டிக்கும். ஆங்கிளில் 40 மி.மீ.க்கு ஒரு 0.8 ஓட்டை போட்டு வைங்க. ஆவி வெளியே போகும், சால்டர் உள்ளே முழுசா ஓடினா அந்த ஓட்டையில் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்காத ஓட்டை இருந்தா அங்கே இன்னும் காலி.

---

மழைக்காலம்:

யாரும் கழுவுவதைப் பற்றிச் சொல்லவில்லை. சால்டர் வேலையில் பாதி அதுதான். ஃபிளக்ஸ் மிச்சம் இருந்தால் அன்றைக்குத் தெரியாது. பெயிண்ட் அடித்து, ஐப்பசி மழை ஈரம் பட்ட பிறகு இணைப்பு ஓரமாகப் பச்சையாகக் கசியும், பெயிண்ட் கொப்புளிக்கும். அதற்குள் ஜன்னல் கண்ணாடி எல்லாம் ஒட்டியிருப்பீர்கள்.

ஃபிளக்ஸுக்கு ஏற்ப கழுவும் முறை மாறும்:

பாஸ்பாரிக் என்றால் வேலை முடிந்த அதே நாளில் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கவும். பிறகு அரை லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஐந்து நிமிடம் ஊறவைத்து, குழாய்நீர், கடைசியில் காய்ச்சி வடித்த நீர். நம் ஊர் போர் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம். உப்புத் திட்டு விழும்.

ரோசின் என்றால் நீரில் போகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிரஷ், இரண்டு முறை. 138 பேஸ்டில் உள்ள ஃபிளக்ஸுக்கும் முதலில் இதைத்தான் பாருங்கள். பேஸ்ட் டப்பாவில் நீரில் கரையும் வகை என்று போட்டிருந்தால் மட்டும் வெதுவெதுப்பான நீர்.

துத்தநாகக் குளோரைடு ஃபிளக்ஸ் தகரம், ஜி.ஐ. தகடு வேலை செய்பவர்கள் கையாள்வது. யாராவது 'இதுதான் நன்றாகப் பிடிக்கும்' என்று கொடுக்கலாம். பிடிக்கும்தான். ஆனால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெறும் நீரில் கழுவினால் வெள்ளையாகப் படிந்து ஒட்டிக்கொள்ளும், முதலில் சிட்ரிக் அமிலக் கரைசல் (100 மி.லி. நீருக்கு 5 கிராம்), பிறகுதான் சோடா, பிறகு நீர். அதன் ஆவி பட்டால் அதே மேசையில் உள்ள இரும்புக் கருவிகள் எல்லாம் துருப்பிடிக்கும். மூடிய ஒட்டு இணைப்பு உள்ள மாடலுக்கு இதைத் தவிர்ப்பது நல்லது. உள்ளே மாட்டிக்கொண்டதை எந்தக் கழுவலும் எடுக்காது.

கழுவிய பின் உறிஞ்சுதாளில் ஒற்றி, மேசை விளக்கின் கீழே ஒரு மணி நேரம். 70 டிகிரி சால்டர் பட்ட பாகத்தை எக்காரணம் கொண்டும் கொதிநீரில் போடாதீர்கள், கையில் தனித்தனியாக வரும்.

மிகுந்த சால்டரை அரத்தால் எடுக்காமல் சுரண்டி எடுங்கள். பழைய ஊசி அரம் ஒன்றின் முனையை உளி மாதிரி தீட்டினால் நல்ல சுரண்டி. அரத்தின் பற்களில் சால்டர் அடைத்துக்கொண்டு பித்தளையைக் கீறும். அரமே வேண்டும் என்றால் பற்களில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இழைப் பென்சிலைத் தண்ணீர் விட்டு மட்டுமே தேய்க்கவும். உலர்ந்து தேய்த்தால் இழை விரலில் ஏறும், மூச்சிலும் போகும். சுரண்டிய காரீயத் தூளை ஊதாதீர்கள், ஈரத் துணியில் எடுங்கள், சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடைசியாகப் பெயிண்டுக்கு முன் எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) ஒரு மெல்லிய பூச்சு. பித்தளையில் சாதாரண பிரைமர் நகம் பட்டாலே உரியும்.

---

பெட்டிமேடை:

இன்னொரு கேள்வி. கூரைக்கு 0.25 பித்தளை கிடைக்கவில்லை. 15 கிலோ எண்ணெய் டின்னின் தகரத்தைப் பயன்படுத்தலாமா? பித்தளைச் சுவரோடு இரும்பு சேரக் கூடாது என்று மேலே படித்தேன்.

---

தகரவேலை:

பயன்படுத்தலாம், ஆனால் சுவரோடு சால்டர் செய்யாதீர்கள். கூரையைத் தனிப் பாகமாக வைத்து, கீழே இரண்டு இடத்தில் எம்2 நட்டைப் பிடித்து, உள்ளிருந்து திருகில் மாட்டுங்கள். விரிவு வேறுபாடு பிரச்சினையே இல்லை, பிறகு உள் இருக்கைகளுக்கும் கழற்றி மாட்டலாம்.

தகரத்தில் வெள்ளீயப் பூச்சு ஏற்கெனவே இருப்பதால் சால்டர் தானாகப் பரவும். புது டின்னுக்கு ரோசினே போதும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், அந்தப் பூச்சுதான் உங்கள் வேலையைச் சுலபமாக்குவது. வெளிப்பக்க அச்சுப் பெயிண்டைப் பெயிண்ட் ரிமூவர் தடவிக் கரைத்து எடுக்கவும். தீயில் எரித்தால் 232 டிகிரியில் வெள்ளீயமும் உருகித் திட்டுத் திட்டாகும். உள்பக்கம் பொன்னிறத்தில் இருந்தால் அது வார்னிஷ். அதையும் எடுத்தால்தான் சால்டர் பிடிக்கும்.

எல்லா டின்னும் வெள்ளீயம் பூசியது அல்ல. சில டப்பாக்களில் குரோமியம் பூசிய தகடு வருகிறது. பார்க்க ஒரே மாதிரி, சால்டர் மட்டும் ஒட்டவே ஒட்டாது. வெட்டும் முன் ஒரு மூலையில் ரோசின் வைத்துச் சோதியுங்கள். மூன்று விநாடியில் பரவினால் தகரம். உருண்டு ஓடினால் அந்த டப்பாவை மறந்துவிடுங்கள்.

திருவிழாக் கடைகளில் எண்ணெய்த் திரியில் டபடபவென்று ஓடும் தகரப் படகின் கொதிகலமும் இந்தச் சால்டரில்தான் நிற்கிறது. உள்ளே நீர் இருக்கும் வரை 100 டிகிரிக்கு அதிகம் போகாது. வற்றினால் அடுத்த நிமிடம் பிரிந்துவிடும். அதனால் மாடல் இஞ்சினில் உண்மையான நீராவி விடும் எண்ணம் இருந்தால், அழுத்தம் தாங்கும் கொதிகலத்துக்கு இந்தப் பக்கத்தில் சொன்ன எதுவும் பொருந்தாது. அது சில்வர் சால்டர் (வெள்ளி கலந்த, மிக அதிகச் சூட்டில் உருகும் சால்டர்) வேலை.

கூரையின் வளைவை முதலில் உருட்டி எடுத்துவிட்டு நட்டைப் பிடியுங்கள். நட் பிடித்த பிறகு உருட்டினால் அந்த இடம் மட்டும் வளையாமல் தட்டையாக நின்று வெளியே தெரியும். நட்டின் மரையில் சால்டர் ஏறாமல் இருக்க, பென்சில் கரி தேய்த்த எம்2 ஸ்டெயின்லெஸ் திருகை உள்ளே போட்டுக்கொண்டு பிடியுங்கள். ஆறினதும் கழற்றிவிடலாம். வெட்டிய ஓரங்களில் இரும்பு வெளியே தெரியும், அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.